மனைவி ஒன்று, விண்ணப்பம் இரண்டு

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு மாப்பிள்ளை மிக்க பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் தங்கைமார் இருவரும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் மாமாவும் சகல சௌக்கியத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மச்சான், கடிதத்தைக் கிழிக்காதீர்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்கவும் வேண்டாம், 'இருவரும்' என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒரே தங்கை என்பது எனக்குத் தெரியாதா? அந்த ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்கே உங்கள் வீட்டில் எத்தனை பேரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் இந்த நாட்டு வரி அலுவலகத்தின் பதிவுப்படி எனக்கு மனைவியர் இருவர். அவர்கள் இரட்டைப் பிறவிகள். இருவருக்கும் ஒரே பெயர். இருவரும் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி எனக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது. இதையெல்லாம் எவனோ எனக்கு வேண்டாதவன் சொல்லவில்லை, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதங்களிலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தச் செய்தி இந்நேரம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். எந்த வழியாக வந்திருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குள் நடந்ததை என் வாயாலேயே கேட்டுவிடுங்கள். கோபப்படுவதென்றால் கடைசியில் மொத்தமாகப் படலாம். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஓடுவதற்கு ஒரு பஸ் பாஸ் வாங்கவேண்டுமென்றாலும் இங்கே அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

எண் என்றால் வரி அடையாள எண். இந்த நாட்டில் வந்து குடியேறுகிறவன் மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், பூங்காவில் உட்கார்ந்து புறாவைப் பார்க்கலாம். இதற்கு மேல் எது செய்வதானாலும் அந்த எண் வேண்டும். எங்கள் மகள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "அப்பா, கம்ப்யூட்டர்ல போட்டா பத்து நிமிஷம். ராத்திரி வந்து நானே போட்டுத் தர்றேன்" என்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். வருமான வரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வரி விண்ணப்பம் போட்டுத் தருகிறாளாம் பெண்! என் மேசைக்கு வந்த விண்ணப்பம் எதுவும் முதல் தடவையிலேயே தேறியதாகச் சரித்திரம் கிடையாது. அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பேன். என் எதிரில் அழுதவர்கள் உண்டு, ஆனால் நான் தவறு செய்தேன் என்று சொன்னவர்கள் கிடையாது. அப்படிப்பட்டவன் பத்து நிமிடத்தில் வாங்கிய எண்ணை எந்த முகத்தோடு வைத்துக்கொள்வது? காகிதத்திலேயே போடுவதென்று முடிவு செய்தேன்.

எனக்கு எண் வந்தாலும் வராவிட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, புறா பார்ப்பதற்கு இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை. அவசரம் உங்கள் தங்கைக்குத்தான். அந்தக் கதையை நீங்கள் கேட்கவேண்டும்.

நாங்கள் இருக்கும் தெருவின் முனையில் ஒரு துணி திருத்தும் கடை இருக்கிறது. கால்சட்டை நீளம் குறைப்பது, கோட்டுக்கு உள்துணி மாற்றுவது, ஜிப் போடுவது இவைதான் அங்கே வேலை. வாசலில் தலையில்லாத பொம்மை ஒன்று எப்போதும் யாராவது ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். கடைக்காரி எந்த நேரமும் வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள், அதனால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்திருக்கிறோம். மகளுடைய கோட்டு ஜிப் பிய்ந்துபோனதென்று உங்கள் தங்கை அங்கே போனாள். போனவள் ஜிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதானே? மேசைமேல் கிடந்த ஒரு கோட்டின் கை தொங்குவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாளாம். பார்க்கச் சகிக்காமல் தானும் நாலு ஊசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, கையைப் பிரித்து, மடிப்பைச் சரி செய்து, ஊசி குத்திக் காட்டியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை ஒன்றும் கிடையாது. ஆனால் வாய் நிறைய குண்டூசி இருந்தால் எல்லா பாஷையும் "ம்ம்", "ம்ஹூம்" என்றுதானே வரும்? அரைமணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்ததாக வீட்டுக்கு வந்து சொன்னாள். அடுத்த தடவை மகளும் கூடப் போனாள். குண்டூசி வேலை கொடுக்கிறேன் என்றாள். ஜன்னல் ஓரத்துத் தையல் மெஷினும் நாற்காலியும் இவளுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பாளாம். மாதக் கடைசிக்குள் வரி எண்ணோடு வந்தால் வேலை. இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஒருத்தி காத்திருக்கிறாள்.

மச்சான், உங்கள் தங்கையை நான் பல கோலத்தில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த தன் கத்தரிக்கோலை எடுத்து, துடைத்து, கைக்குட்டையில் சுற்றி ஒரு கைப்பைக்குள் வைத்து, அந்தப் பையை வாசல் கதவுப் பக்கம் ஆணியில் மாட்டினாள். வேலைக்குப் போகிறவர்கள் பை எங்கே மாட்டுவார்களோ அங்கே. போகவரத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆகவே விண்ணப்பத்தை நான் கையில் எடுத்தேன்.

"நானே எழுதிக்கறேங்க. ஒரு பக்கம்தானே?" என்றாள்.

"ஒரு பக்கம்தானேன்னு ஏமாந்தவங்களை என் சர்வீஸ் முழுக்கப் பாத்திருக்கேன். பேனாவைக் குடு."

அந்த ஒரு பக்கத்தின் தலையிலேயே கண்ணி வைத்திருந்தார்கள். முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் எழுது, இரண்டாவது கட்டத்தில் சொந்தப் பெயர் எழுது. நமக்கு ஏது மச்சான் குடும்பப் பெயர்? நமக்கெல்லாம் ஒரு பெயர், முன்னால் காவலுக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். ஆண்பிள்ளைக்கு அது அப்பன் எழுத்து. பெண்ணுக்கும் முதலில் அப்பன் எழுத்துதான், கல்யாணம் ஆனதும் அது இறங்கிப் போய்விடும், புருஷன் எழுத்து ஏறி உட்கார்ந்துகொள்ளும். உங்கள் தங்கையின் பள்ளிச் சான்றிதழில் உங்கள் அப்பா எழுத்து இருக்கிறது, கல்யாணச் சான்றிதழில் என் எழுத்து இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு விட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

"பாஸ்போர்ட்ல காலியாத்தானே இருக்கு? இதுலயும் காலியாவே விட்டுடலாமே?" என்றாள்.

"காலியா விட்டா அது விண்ணப்பமே இல்ல. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"அப்ப எந்த எழுத்தைப் போடுவீங்க?"

இங்கேதான் மச்சான், என் அனுபவம் முழுவதும் எழுந்து நின்றது. அப்பா பெயரைப் போட்டால் கல்யாணச் சான்றிதழ் உதைக்கும். என் பெயரைப் போட்டால் பள்ளிச் சான்றிதழ் உதைக்கும். அதனால் இரண்டு விண்ணப்பம் எழுதினேன். ஒன்றில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உங்கள் அப்பா பெயர். இன்னொன்றில் என் பெயர். ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும் என்பது கணக்கு. இரண்டிலும் கணவர் என்ற இடத்தில் என்னை மறக்காமல் எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதி, புகைப்படம் ஒட்டி, என் விண்ணப்பத்தையும் சேர்த்து மூன்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டு, அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

எந்த அலுவலகத்திலும் இரண்டில் ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள். இவர்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டு விட்டார்கள்! இதை நான் எதிர்பார்க்கவில்லை. நேரில் வந்து குடும்ப நிலையை விளக்கவும் என்று எனக்கு மட்டும் ஒரு அழைப்பு வந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட வருகிறேன் என்ற உங்கள் தங்கையை நான்தான், "நீ எதுக்கு? ஆபீஸ் விஷயம்" என்று வீட்டில் நிறுத்திவிட்டுப் போனேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. பெயர் தெரியாது, சங்கிலியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். நான் நீட்டிய காகிதக் கட்டை அவர் கையால் தொடவில்லை. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மச்சான், தொழில் தெரிந்தவர்! நான் பதவியில் இருந்தபோது திருப்பி அனுப்பப் போகும் காகிதத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சாவது விடுவேன். இந்த அம்மாள் அதைக்கூட மிச்சம் பிடிக்கிறார். என் நிலைமை எப்படி இருந்தாலும், நல்ல வேலையைப் பார்க்கும்போது மனம் குளிர்ந்துதான் போகிறது.

எனக்கு அவர்கள் பாஷை வராது என்று தெரிந்ததும் ஒரு தொலைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். தேனாக ஒரு பெண் குரல் வந்தது, தமிழில்.

"வணக்கம் சார், நான்தான் மொழிபெயர்ப்பாளர். இங்க பேசற எதுவும் வெளிய போகாது. எல்லாம் ரகசியம்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"சார், உங்க பேச்சைக் கேட்டா தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு. நீங்க யாரு வீடு?"

வந்த நாளிலிருந்து என்னை யாரும் கேட்காத கேள்வி மச்சான் அது! எண் என்ன என்று கேட்டவர்கள் உண்டு, யார் வீடு என்று கேட்டவர்கள் இல்லை. நான் உருகிவிட்டேன். என் அப்பாவில் ஆரம்பித்து, எங்கள் வீடு, கொண்டான் கொடுத்தான் எல்லாம் சொல்லி, கடைசியில் உங்கள் பெயரையும் சொன்னேன். அந்தப் பெண் ஸ்பீக்கர் அதிரக் கத்தியது.

"ஐயோ, அவரோட சம்சாரம் எனக்குப் பெரியம்மா முறை சார்! அப்ப நீங்க எனக்குச் சித்தப்பாவா மாமாவா?"

சங்கிலியம்மாள் பென்சிலால் கண்ணாடியைத் தட்டினார். இத்தனை நேரம் என்ன விளக்கம் சொன்னேன் என்று கேட்டாராம். அறிமுகம் நடக்கிறது என்று அந்தப் பெண் சமாளித்தது. இப்போது புரிகிறதா, செய்தி எந்த வழியாக உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் என்று? ரகசியம் என்று சொல்லிவிட்டு உறவு கேட்கிற பெண் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும்?

பெண் நல்ல பெண்தான். ஆனால் இங்கேயே வளர்ந்த பெண். தமிழ், அம்மா சமையலறையில் பேசிக் கற்றுக்கொண்ட தமிழ். முறை சொல்லிக் கூப்பிடத் தெரிகிறது, மற்றது தடவுகிறது.

"இந்த ரெண்டு அம்மாவும் யாருன்னு கேக்கறாங்க மாமா."

"ரெண்டு இல்லம்மா, ஒருத்திதான்."

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு விண்ணப்பம்?"

"ஒண்ணு அவங்க அப்பா எழுத்து. இன்னொண்ணு என் எழுத்து."

அது அப்படியே சொல்லியிருக்கிறது, ஒரு விண்ணப்பத்தை அப்பா எழுதினார், இன்னொன்றை நான் எழுதினேன் என்று. சங்கிலியம்மாள் முதல் தடவையாகக் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார்.

"அப்பாவும் உங்ககூட இங்க குடிவந்துட்டாரா, அவரோட விண்ணப்பம் எங்கேன்னு கேக்கறாங்க."

"அவரு எங்கம்மா இங்க வந்தாரு? கல்யாணத்தோட அப்பா போயிட்டாரு, நான் வந்துட்டேன்."

நான் சொன்னது எழுத்தை. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னது. சங்கிலியம்மாளும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து ஏதோ சொன்னார்.

"உங்க மாமனார் இறந்ததுக்கு வருத்தம் தெரிவிக்கறாங்க மாமா. கல்யாணத்தன்னைக்கேவான்னு கேக்கறாங்க."

அந்த நேரம் மாமா உங்கள் ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து தும்மியிருப்பார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். சொல்வதென்றால் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்.

அதை நான் மறுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. முதல் விண்ணப்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு நான் யார்? இதற்கு என்ன யோசனை? மரியாதையாகச் சொன்னேன், "நான்தாம்மா அவங்க வீட்டுக்காரர்."

சங்கிலியம்மாள் சரசரவென்று எழுதினார்.

"வாடகை எவ்வளவு வாங்கறீங்கன்னு கேக்கறாங்க."

"வாடகையா?"

"நீங்கதானே மாமா வீட்டுக்காரர்?"

மச்சான், அந்தப் பெண் வளர்ந்த வீட்டில் வீட்டுக்காரர் என்றால் ஒன்றாம் தேதி வந்து கதவை இடிக்கிற ஆள் மட்டும்தானாம். புருஷனுக்கும் அந்தப் பெயர் உண்டு என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாடகை வருமானத்தை ஏன் என் விண்ணப்பத்தில் காட்டவில்லை என்று அடுத்த கேள்வி. காலமெல்லாம் ஊர் உலகத்தைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது! என் முகத்தைப் பார்த்தே ஒருத்தி கேட்கிறாள்! அதற்குமேல் நான் நிதானமாகத்தான் இருந்தேன், குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கட்டின பொண்டாட்டிகிட்ட எவனாவது வாடகை வாங்குவானாம்மா?"

"அப்ப இவங்க உங்க மனைவியா?"

"மனைவிதான்!"

"ரெண்டாவது விண்ணப்பத்துல இருக்கறவங்க?"

"அவளும் மனைவிதான்!"

அந்த 'உம்' என் வாயிலிருந்து வெளியே போவதை நானே பார்த்தேன். பிடித்து இழுத்து உள்ளே போட்டுக்கொள்ள முடியவில்லை. சங்கிலியம்மாள் இரண்டு புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே முகம், ஒரே பிறந்த தேதி. இரட்டைப் பிறவிகளா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்த அந்தத் தகப்பனார் எப்படிப்பட்டவர் என்று அந்தப் பெண் தன் கணக்கில் தனியாகக் கேட்டது. நல்லவேளையாக அவர்தான் இறந்துவிட்டாரே என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டது.

விளக்கம் வரும்வரை மூன்று விண்ணப்பமும் நிறுத்திவைப்பு. நிராகரிப்பு என்றால் மறுபடி போடலாம், மேல்முறையீடு செய்யலாம். நிறுத்திவைப்பு என்றால் ஒன்றும் செய்யமுடியாது. இதைவிடக் கொடுமையானது அலுவலக உலகத்தில் கிடையாது. நானே எத்தனையோ நிறுத்தி வைத்திருக்கிறேன், அதனால் அதன் அருமை எனக்குத் தெரியும். எழுந்து வரும்போது அந்த அம்மாளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதை எடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. நான் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். இரட்டைப் பிறவி வரைக்கும் சொன்னேன், வாடகையையும் அப்பா விஷயத்தையும் விட்டுவிட்டேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் ஒருத்திதான்னு நீங்க சொல்லலையா?" என்றாள்.

"சொன்னேன். அவங்க நம்பணுமே."

"என்னை வரச்சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. நானே எதிர்ல நின்னா ரெண்டு பேராவா தெரிவேன்?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள். "அந்த எழுத்தை மாத்தினப்ப யாராவது என்னைக் கேட்டாங்களா? உங்களுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணுன்னு போட்டீங்களே, எனக்குன்னு ஒண்ணும் போடலையே?" கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சட்டைக் காலரை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். பிறகு கதவுப் பக்கம் போய், ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து, கத்தரிக்கோலை வெளியே எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். மச்சான், சங்கிலியம்மாள் செய்ததெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அந்த இழுப்பறை மூடிய சத்தம்தான் உறைத்தது. ராஜினாமா செய்வதற்கு அவளுக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் அப்படி ஒரு முகம்.

ஆகவே இப்போது தங்களை வேண்டிக்கொள்வது என்னவென்றால், மாமா எழுத்தோடு இருக்கும் தங்கையும் என் எழுத்தோடு இருக்கும் தங்கையும் ஒருவரே, அந்த ஒருவர் இரட்டைப் பிறவி அல்லர், அவர் யாருக்கும் வாடகை கொடுப்பவர் அல்லர் என்று ஒரு சான்று எழுதி, வக்கீலிடம் கையெழுத்து வாங்கி விரைவுத் தபாலில் அனுப்பவேண்டும். உருண்டை முத்திரை எத்தனை கிடைக்குமோ அத்தனையும் குத்தச் சொல்லுங்கள், இடம் இல்லாவிட்டால் பின்பக்கம் குத்தட்டும். மாமா உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் தனியாக ஒன்று வேண்டும். அவரை அன்றைய செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தால் நல்லது, எதற்கென்று கேட்டால் பேரப்பிள்ளை ஆசைப்படுகிறது என்று சொல்லிவிடுங்கள். கல்யாணப் போட்டோவும் ஒன்று அனுப்புங்கள். அதில் பெண்ணுக்குப் பக்கத்தில் அதே மாதிரி உடுத்திக்கொண்டு ஒரு தோழி நிற்கிற படத்தைத் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஏற்பாடெல்லாம் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எண் வந்து கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதாக இருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். அந்த மொழிபெயர்ப்புப் பெண் பரப்பிய எதையும் நம்ப வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள். மாமாவுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று எப்போதும்போல் வேண்டிக்கொள்கிறேன், இந்த மாதம் கூடுதலாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறேன். எனக்கு அவரை மாதிரி எழுத்து நடையெல்லாம் வராது, பேசற மாதிரியே எழுதிடறேன். முந்தாநாள் இந்தக் கவரை ஒட்டி என்கிட்டயே குடுத்து, தெரு முனைப் பெட்டியில போடச் சொன்னாரு. நான் படிக்கமாட்டேன்னு அவ்வளவு நம்பிக்கை! கடை இஸ்திரிப் பெட்டி ஆவியில காட்டினா கவர் அழகாத் திறந்துக்குது. எந்தக் கடையா? குண்டூசி கடைதான். ஜன்னல் ஓர நாற்காலியில உக்காந்துதான் இதை எழுதறேன். இன்னைக்கு முதல் நாள்.

சான்று ஒண்ணும் வேண்டாம். அப்பாவைப் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வைக்காதே, கால் வலிக்கும். நேத்துக் காலையில குண்டூசி என்னைக் கையைப் பிடிச்சு அந்த ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. அதே சங்கிலியம்மாதான், அதே பொண்ணுதான் போன்ல. எதிர்ல நின்னேன். என்னைப் பாத்தாங்க, படத்தைப் பாத்தாங்க, ஒருத்திதான்னு அவங்களே சொல்லிட்டாங்க. பாஸ்போர்ட்டைக் குடுத்தேன். குடும்பப் பேரு இடம் காலியா இருந்தா அதுக்கு ஏற்கனவே ஒரு வழி வச்சிருக்காங்களாம் அண்ணா, சொந்தப் பேரையே ரெண்டு கட்டத்துலயும் எழுதணுமாம். என் பேரு, திரும்பவும் என் பேரு. அப்பாவும் இல்ல, இவரும் இல்ல, ரெண்டு பக்கமும் நானே. பாக்க நல்லா இருந்துச்சு. நம்பரை அப்பவே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க, பத்து நிமிஷம்கூட ஆகல. இவர் எழுதின ரெண்டையும் என் எதிர்லயே குறுக்கால கோடு போட்டாங்க. அப்பா இறந்துட்டாருன்னு எழுதி வச்சிருந்ததையும் அடிக்கச் சொன்னேன். அடிக்கற வரைக்கும் நகரல.

குரல் கொஞ்சம் உயர்ந்ததுன்னு எழுதியிருக்காரே, காவல்காரர் தண்ணி கொண்டுவந்து குடுத்து உக்கார வச்சாராம். அந்தப் பொண்ணு பாவம், அவளைக் குத்தம் சொல்லாதே. யார்கிட்டயும் அவ ஒரு வார்த்தை விடல, ரகசியம்னா ரகசியம்தான் அத்தைன்னா. நம்ம வீட்டுக்கு இந்தச் சங்கதியெல்லாம் இவர் கடிதத்தாலதான் வருது. கிழிச்சுப் போட்டிருப்பேன், நீ சிரிக்கட்டுமேன்னு அனுப்பறேன்.

இன்னும் ஒண்ணு. இவரோட விண்ணப்பம் மட்டும் இன்னும் நிறுத்திவைப்புலயே இருக்கு, அந்த வாடகை விஷயம் முடியணுமாம். அதுவரைக்கும் இவரை என்னைச் சார்ந்து இருக்கறவர்னு என் பேர்ல சேத்துக்கலாமான்னு அந்தம்மா கேட்டாங்க. சேத்துக்கோங்கன்னேன். இவர் பாஸ்போர்ட்லயும் குடும்பப் பேரு இடம் காலிதானே. "சொந்தப் பேரையே ரெண்டு தடவை போடலாம், இல்ல நீங்க சேத்துக்கறதால உங்க பேரைப் போடலாம், எதைப் போட?"ன்னாங்க. இவர் எப்பவும் தன் பேருக்கு முன்னால ஒருத்தர் காவலுக்கு நிக்கணும்னு சொல்றவராச்சே. அதனால என் பேரைப் போடச் சொல்லிட்டேன். இனிமே இவருக்கு இனிஷியல் நான்தான் அண்ணா. இன்னும் சொல்லல. சாப்பிட்ட பிறகு சொல்லிக்கலாம்னு இருக்கேன்.